முகப்புத் தகடும் மறைந்த கரங்களும்

ஒரு பொருளின் மீது யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்ற வினா மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெயர் எப்பொழுது எழுதப்பட்டது, யார் எழுதுவித்தார், யாருடைய பெயர் எழுதப்படாமல் விடப்பட்டது என்று ஆராயப் புகுந்தால், அப்பொருளை ஆக்கிய சமுதாயத்தின் உறவுகள் பலவும் அச்சிறு எழுத்துகளிலே அடங்கிக் கிடப்பதைக் காணலாம். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் மின்கிற்றாரின் ஒலிபெருக்கி. அதிலும் சிறப்பாக, அதன் மேற்பரப்பிற் பொருத்தப்படும் முகப்புத் தகடு.

மின்கிற்றாரின் தந்திகள் அதிரும்போது அவற்றின் கீழுள்ள காந்தச் சுருளில் மிக நுண்ணிய மின்னலைகள் தோன்றுகின்றன. அவற்றை வால்வுகளின் துணையாற் பன்மடங்காகப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஒலிபெருக்கியின் வேலை. ஒலியளவையும் உச்ச மந்தர சுரங்களையும் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு குமிழ்கள் எவையெவை என்பதைக் காட்டும் எழுத்துகளும், செய்தவரின் இலச்சினையும் முகப்புத் தகட்டில் இடம்பெறும். இன்று பல நாடுகளில், தனியொருவராகவோ இருவர் மூவர் கூடியோ இவ்வொலிபெருக்கிகளைக் கையாற் கம்பி பிணைத்துச் செய்யும் சிறு பட்டறைகள் உள்ளன. அவர்களுட் பலர் தம் முகப்புத் தகட்டையும் இலச்சினையையும் லேசர்க் கதிரினாற் பொறித்துக்கொள்கின்றனர். பெருந்தொழிற்சாலைக்கே இலகுவாயிருந்த இவ்வாற்றல் சிறுபட்டறையின் கைக்கு எவ்வாறு வந்தது? வந்ததனால் உழைப்பவரின் பெயர் வெளிச்சத்துக்கு வந்துவிட்டதா? இவையே நம் முன்னுள்ள வினாக்கள்.

பொருளின் மீது குறி பொறிக்கும் வழக்கம் விளம்பரத்துக்காக மட்டும் வளர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளிப் பொருள்கள் தரம் சோதிக்கப்பட்டுச் சிறுத்தைத் தலை முத்திரை பெறவேண்டும் என்று விதித்தது. 1363இல், ஒவ்வொரு பொற்கொல்லனும் தன் சொந்தக் குறியையும் பொறிக்கவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டாற் பொறுப்பாளி இன்னார் எனத் தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம். பட்டறைத் தலைவனின் குறிக்குள்ளே அவனிடம் வேலை செய்த உதவியாளரின் உழைப்பும் மறைந்திருந்தது என்பதை மறத்தலாகாது. ஆயினும், குறியைப் பொறித்தவன் அவ்வுழைப்பின் நடுவே நின்றவன். பொருள் பழுதானால் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன்.

ஐந்து நூற்றாண்டுகள் சென்றபின் நிலைமை மாறிற்று. 1875இல் பிரித்தானியாவில் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1876ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, பாஸ் என்ற மதுவடிசாலையின் செம்முக்கோணம் முதலாம் இலக்கக் குறியாகப் பதிவாயிற்று. அன்றுமுதல், சட்டத்தின் கண்ணில் குறி என்பது உடைமை. கட்டடத்தையும் காணியையும் போல அதனை உரிமை கொண்டாடலாம். பொருளைச் செய்தவருக்கும் குறிக்கும் உறவு இருக்கவேண்டிய அவசியமில்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில், மனிதரிடையேயான உறவு பண்டங்களிடையேயான உறவாகத் தோற்றம் கொள்வதைக் கார்ல் மார்க்ஸ் விளக்கியிருந்தார். அத்தோற்றத்துக்கு முகம் வரைந்து கொடுத்தது வணிகக்குறி எனலாம்.

*

கிற்றார் ஒலிபெருக்கியின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள புல்லர்டன் என்ற சிற்றூரில், 1938இல் லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டி திருத்தும் கடையொன்றை நடத்தத் தொடங்கினார். 1945இல் டொக் காஃப்மன் என்பவருடன் கூடி ஒலிபெருக்கிகள் செய்தார். 1946இல் தம் பெயரிலேயே நிறுவனம் அமைத்தார். 1950களில் இங்கு உருவான ஒலிபெருக்கிகள், கரடுமுரடான நெசவுத்துணி ஒட்டிய மரப்பெட்டியும், எழுத்துகள் பதித்த பளபளக்கும் குரோம் தகடும் கொண்டவை. தகட்டிலே ஃபெண்டரின் பெயரும் புல்லர்டன் ஊரின் பெயரும் இருந்தன.

இனி அப்பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்ப்போம். பெட்டியினுள்ளே ஒட்டப்பட்ட வால்வு அட்டவணைத் தாளில், இக்கருவி அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனியினதும் வெஸ்டர்ன் இலெக்றிக் கம்பனியினதும் காப்புரிமைகளின்கீழ் அனுமதி பெற்றது என்ற வாசகம் காணப்படும். மின்னலையைப் பெருக்கும் அறிவின்மீது ஏகபோகம் கொண்டிருந்தோரின் முத்திரை அது. அதற்கும் உள்ளே, உலோகச் சட்டகத்தினுட் பார்த்தால், சிறு துண்டுக் காகித ஒட்டுநாடாவில் பென்சிலாலோ மையாலோ எழுதிய ஒரு பெண்ணின் பெயர் இருக்கும்: லில்லி, லூப்பே என்றவாறு. தடையிகளையும் கொள்ளளவிகளையும் பலகையில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு கம்பியையும் பற்றவைத்து, அச்சுற்றுக்கு உயிர் கொடுத்த தொழிலாளியின் பெயர் அது. புல்லர்டன் தொழிற்சாலையில் இவ்வேலையைச் செய்தோருட் பலர் மெக்சிக்கோ வழிவந்த பெண்கள்.

ஒரே பெட்டியில் மூன்று பெயர்கள். முதலாளியின் பெயர் வெளியே குரோமில் மின்னுகிறது. காப்புரிமைக் கம்பனிகளின் பெயர் உள்ளே அச்சுத் தாளில் நிற்கிறது. செய்தவளின் பெயரோ, திருத்துபவனன்றி வேறெவரும் காணாத இருட்டில் ஒட்டுநாடாவிலே தங்கிவிட்டது. அங்கும் அது பெருமைக்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. பழுது நேர்ந்தால் யாருடைய வேலை என்று அறிவதற்கான அடையாளமாகவே பயன்பட்டிருக்கும். பழைய பொற்கொல்லனின் குறியிலிருந்த இரு கூறுகள் இவ்வாறு பிரிந்துபோயின: புகழும் உரிமையும் முன்தகட்டுக்கு; பொறுப்பு உட்புறத்துக்கு.

1965ஆம் ஆண்டு ஜனவரியில், சீ.பீ.எஸ். என்ற ஒலிபரப்புப் பெருநிறுவனம் 13 மில்லியன் டொலர் கொடுத்து ஃபெண்டர் நிறுவனத்தை வாங்கியது. அக்காலத்துக் கருமுகத் தகடுகளைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு சிறு மாற்றத்தைக் காண்பர். முன்னைய தகடுகளில் 'ஃபெண்டர் மின்னிசைக்கருவிக் கம்பனி' என்ற பொருளில் அமைந்த சிறு எழுத்துகள், பின்னையவற்றில் 'ஃபெண்டர் இசைக்கருவிகள்' என மாறின. 1960களின் இறுதியில் கருமுகமே நீங்கி, நீல எழுத்துகள் கொண்ட வெள்ளிமுகத் தகடு வந்தது. சொத்து கைமாறியதைத் தகடு பதிவு செய்தது. சுற்றுகளைப் பற்றவைத்த பெண்களின் கைகள் மாறினவா என்பது பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 1985இல் பில் ஷுல்ஸ் தலைமையிலான குழு 12.5 மில்லியன் டொலருக்கு அந்நிறுவனத்தை மீட்டபோது, விற்பனையில் முக்கியமாக இடம்பெற்றது பெயர். புல்லர்டன் தொழிற்சாலை அதிற் சேரவில்லை. தொழிற்சாலை இல்லாமலே தொழிற்சாலையின் பெயரை வாங்கமுடியும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

பெயருக்கும் பொருளுக்குமான இடைவெளியை இன்னும் அப்பட்டமாகக் காட்டுவது சிக்காகோ நகரின் வால்கோ நிறுவனம். ஒரே கூடத்தில், ஏறக்குறைய ஒரே சுற்றைக்கொண்டு செய்யப்பட்ட ஒலிபெருக்கிகள், சுப்ரோ, நஷனல் என்ற பெயர்களையும், மொன்ட்கொமரி வார்ட் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்துக்காக ஏர்லைன் என்ற பெயரையும் சூடி வெளிவந்தன. அதேபோல நதன் டானியலின் டேன்இலெக்ட்ரோ தொழிற்சாலையில் உருவானவை, சியர்ஸ் கடையில் சில்வர்டோன் என்ற பெயருடன் விலைபோயின. தகட்டை மாற்றினால் 'செய்தவர்' மாறிவிடுகிறார்.

*

இங்கிலாந்தில் நடந்ததும் இதே கதையே. இலண்டனின் ஹன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் ஒரு மேளக்கலைஞர். 1962இல் அவர் பெயரில் முதல் ஒலிபெருக்கி உருவானபோது, அதனைக் கட்டியவர்கள் அவரிடம் திருத்துவேலை செய்த கென் பிரானும், இளம் பயிலுநரான டட்லி கிரேவனும் ஆவர். அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது ஃபெண்டரின் 'பாஸ்மன்' சுற்று. புல்லர்டன் பெண்களின் கைப்பட்ட சுற்று, அத்திலாந்திக் கடலைக் கடந்து, இன்னொருவர் பெயர்த் தகட்டைப் பூண்டது. அம்மாதிரிக்கு இடப்பட்ட 'ஜே.டி.எம்.' என்ற எழுத்துகள் ஜிம், அவர் மகன் டெரி, மார்ஷல் ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளே. கட்டியவர் பெயரின் எழுத்து ஒன்றும் அதில் இல்லை.

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1969 வரை, மார்ஷல் ஒலிபெருக்கிகளின் முகப்பு பிளெக்சிகிளாஸ் என்ற ஒளிபுகும் அக்கிரிலிக் தகட்டால் ஆனது. அதன் பின்புறத்தே பொன்வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. பின்னர் அலுமினியத் தகடு அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் அக்காலத்துப் பெட்டிகள் 'பிளெக்சி' என்றே அழைக்கப்பட்டுப் பெருவிலை பெறுகின்றன. உள்ளிருந்த சுற்றுக்கன்றி, வெளியிலிருந்த தகட்டுக்கே பெயர் நிலைத்தது! 1965இல் விநியோக உரிமை வேறொரு நிறுவனத்திடம் சென்றபோது, தம் நண்பரான பேர்மிங்ஹாம் வணிகர் ஜொனி ஜோன்சுக்காக, அதே தொழிற்சாலையில் 'பார்க்' என்ற பெயரில் மார்ஷல் ஒலிபெருக்கிகள் செய்து கொடுத்தார். ஜோன்சின் மனைவியுடைய குடும்பப் பெயர் அது. வணிகரின் மனைவிக்குக்கூட முகப்பில் இடம் கிடைத்தது. பொறியியலாளரான கென் பிரானுக்கு? 1970களின் தொடக்கத்தில் மிகச் சில ஒலிபெருக்கிகள் 'நார்ப்' என்ற பெயரில் வெளிவந்தன. பிரான் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தால் வருவது அச்சொல். கட்டியவரின் பெயர் முகப்புக்கு வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தது.

*

பெருந்தொழிற்சாலைகள் செலவு குறைக்க அச்சுப்பலகைச் சுற்றுகளுக்கு மாறிய காலத்தில், பழைய முறையிற் கையாற் கம்பி பிணைக்கும் சிறு பட்டறைகள் எழுந்தன. தொழிற்சாலையில் ஒரே அசைவை நாள்முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்புக்கு எதிராக, ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்யும் மகிழ்ச்சியை நாடியவர்களும் இவர்களுள் இருந்தனர். இந்த நாட்டத்தை நாம் ஏளனம் செய்தலாகாது. முதலாளித்துவம் பறித்துக்கொண்ட ஒன்றை மீட்கும் விழைவு அதில் உண்டு.

ஆனால் இவர்களுக்கு முகப்புத் தகடு பெருந்தடையாயிற்று. சுற்றைக் கையாற் செய்யலாம். தெளிவான எழுத்தைத் தகட்டிற் பதிப்பது எளிதன்று. திரை அச்சில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித் திரை இழுத்துக் கட்டவேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும். ஒரு தகட்டுக்கான ஆயத்த உழைப்பும் ஆயிரம் தகட்டுக்கான ஆயத்த உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே. வார்ப்பு இலச்சினைக்கு அச்சுக்கூடு வெட்டும் செலவு இதனினும் பெரிது. எனவே ஆயிரம் செய்பவனுக்குத் தகடு மலிவு. ஒன்று செய்பவனுக்கு அது எட்டாக்கனி. 1603இல் கிறிஸ்தொஃப் ஷைனர் அமைத்த படிவரை கருவியின் வழிவந்த பொறிப்பு எந்திரங்கள், அளவு வடிவைப் பின்பற்றிக் கூர்முனையால் எழுத்து வெட்டின. அவற்றுக்கும் எழுத்து அச்சுகளும் தேர்ந்த கையும் தேவைப்பட்டன. ஆகவே சிறு பட்டறையின் ஒலிபெருக்கிகள் பல, எழுத்துப்பட்டி ஒட்டிய வெறும் தகட்டுடனேயே வெளியே வந்தன.

லேசர் இந்தக் கணக்கை மாற்றியது. தூண்டப்பட்ட கதிர்வீச்சு என்ற கோட்பாட்டை 1917இல் ஐன்ஸ்டைன் வகுத்தார். அதன் வழியில் அமெரிக்காவில் சார்ள்ஸ் டவுன்சும், சோவியத் நாட்டில் பாசொவ், புரொகொரொவ் ஆகியோரும் ஆராய்ந்தனர். மூவரும் 1964இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1960ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி, தியோடர் மைமன் கலிபோர்னியாவில் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964இல், இந்தியாவின் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல், பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். இன்று பட்டறைகளில் தகடு பொறிக்கும் லேசர்களிற் பல அவ்வகையினவே. அந்த ஆய்வுகூடம், ஃபெண்டர் பெட்டியின் தாளிலே பெயர் பொறித்திருந்த அதே தொலைபேசி ஏகபோகத்துக்கு அன்று உரியதாயிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. லேசர் என்ற சொல்லின் விரிவு ஒளியைப் பெருக்குதல் என்பதாகும். ஒலிபெருக்கியின் முகத்தில் இன்று ஒளிபெருக்கி எழுதுகிறது.

அது எழுதும் முறை எளிது. கணிப்பொறியில் வரைந்த வடிவத்தைப் பின்பற்றி, நகரும் ஆடிகளும் வில்லையும் 10.6 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கதிரை ஒரு புள்ளியிற் குவிக்கின்றன. வெற்று அலுமினியம் இக்கதிரைத் தெறித்துவிடும். ஆனால் சாயமேற்றி ஒட்சைட்டுப் படலமிட்ட அலுமினியத்தில் கதிர் பட்ட இடத்துச் சாயம் வெளிறி வெண்ணெழுத்துத் தோன்றும். இருநிற அடுக்குப் பிளாஸ்டிக்கில் மேலடுக்கு எரிந்து நீங்க, கீழ்நிறம் எழுத்தாகும். ஒளிபுகும் அக்கிரிலிக்கில் எழுத்துகளைப் பின்புறத்தே இடம்வலமாகத் திருப்பிப் பொறித்து, வண்ணம் நிரப்பிப் பொன்பூச்சுப் பூசினால், முன்னின்று காண்போருக்கு எழுத்து நேராகத் தெரியும். பழைய 'பிளெக்சி' முகம் மீண்டும் பிறக்கும். திரையும் அச்சுக்கூடும் வேண்டியதில்லை. முதலாவது தகட்டுக்கும் நூறாவது தகட்டுக்கும் ஆகும் உழைப்பு ஒன்றே. சீனத்திலிருந்து மலிவான 40 வாட் பொறிகள் பரவியபின், இவ்வாற்றல் வீட்டுப் பட்டறை வரை வந்துவிட்டது. உற்பத்திக் கருவியின் மாற்றம் சிறு உற்பத்தியாளனுக்கு ஒரு வாயிலைத் திறந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

*

ஆயினும் கருவி மட்டும் உறவுகளை மாற்றிவிடுவதில்லை. முதலாவதாக, எந்தப் பெயரையும் பொறிக்க வல்ல கதிர் பிறர் பெயரையும் பொறிக்கும். புகழ்பெற்ற இலச்சினையைப் போலியாகப் பொறித்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பெருநிறுவனத்தின் மீதுள்ள வெறுப்பு இதற்கு நியாயம் ஆகாது. பழம்பெயரைச் சூடிய புதுப்பெட்டியில் அதைச் செய்தவர் தம் பெயரைத் தாமே அழித்துக்கொள்கிறார். பழுது நேர்ந்தால் விடை சொல்வார் எவருமிலர்.

இரண்டாவதாக, 'கைவினை' என்ற சொல்லே விலைகூடிய பண்டமாகிவிட்டது. அலெக்சாண்டர் டம்பிள் என்பவர் கலிபோர்னியாவில் தனியே கட்டிய ஒலிபெருக்கிகள் இன்று ஓரிலட்சம் டொலருக்கு மேல் விலைபோகின்றன. அவர் 2022இல் மறைந்தார். தம் சுற்றின் முக்கிய பகுதிகளைப் பிறர் அறியாவண்ணம் பிசின் ஊற்றி மூடினார். தொழிலறிவு பட்டறைகளிடையே பகிரப்பட வேண்டியது என்ற மரபு இங்கே முறிகிறது. நியூ ஜேர்சியின் கென் ஃபிஷர் தம் ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் தொடர் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணின் பெயரை இட்டார். அழகிய வழக்கம்தான். ஆனால் உண்மையில் ஒலிபெருக்கி கட்டிய பெண்களின் பெயர்கள் ஒட்டுநாடாவில் இருட்டிற் கிடந்ததை எண்ணும்போது, வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கிறது.

மறைந்திருந்த பெயர் வெளிவந்த இடத்தும் சந்தை காத்திருந்தது. 1956இல் ஃபெண்டரிற் சேர்ந்து, கிற்றாரின் காந்தச் சுருள்களைக் கையாற் சுற்றிய அபிகேல் யபாராவின் பெயர், பல்லாண்டுகள் சென்றபின் புகழடைந்தது. 2013இல் அவர் ஓய்வு பெறும்வரை, அவர் சுற்றிய சுருள்கள் தனிச்சிறப்புடைய பொருள்களாக உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன. உழைப்பாளியின் பெயருக்குக் கிடைத்த மதிப்பை நாம் வரவேற்கவேண்டும். அதே வேளையில், அவருடன் அருகருகே இருந்து வேலைசெய்த பிறருடைய பெயர்கள் எங்கே என்றும் கேட்கவேண்டும்.

மூன்றாவதாக, கையாற் செய்த ஒலிபெருக்கியும் தனியொருவரின் ஆக்கமன்று. அதன் வால்வு சுலோவாக்கியாவின் சாட்சாவிலோ, ரஷ்யாவின் சராத்தொவிலோ, சீனத்திலோ தொழிலாளர் கரங்களால் உருவாகிறது. 2022 மார்ச்சில், உக்ரேன் போரையடுத்து ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்தபோது, சராத்தொவ் வால்வுகள் வாராதோ என்று உலகெங்குமுள்ள பட்டறைகள் கலங்கின. வால்வு விலை ஏறியது. முகப்பில் ஒரே பெயரைக் கொண்ட பெட்டியினுள் எத்தனை நாட்டார் உழைப்பு அடங்கியிருந்தது என்பது அன்று புலனாயிற்று.

லேசர் பொறிப்பவரின் உடலையும் மறத்தலாகாது. பீ.வீ.சீ. பிளாஸ்டிக்கைக் கதிரிற் சுட்டால் ஐதரசன் குளோரைட்டு வாயு எழுந்து நுரையீரலையும் பொறியையும் அரிக்கும். நல்ல புகைபோக்கியும் கதிரைத் தடுக்கும் மூடியும் இல்லாத மலிவுப் பொறியில் தெளிவான இலச்சினையின் விலையை, பொறிப்பவர் தம் நுரையீரலாலும் கண்ணாலும் செலுத்த நேரும்.

எனவே முகப்புத் தகட்டின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? குறி பொறுப்பின் சான்றாகத் தொடங்கி உடைமையின் சான்றாக மாறியது. வணிகக்குறிச் சட்டம் உரிமையாளரின் பெயரைக் காக்கிறது. தொழிலாளியின் பெயரைப் பற்றி அது பேசுவதில்லை. ஒரு தகட்டில் ஒரு பெயரை எழுதுவதும் பத்துப் பெயரை எழுதுவதும் செலவில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட காலம் இது. பெட்டியைக் கட்டியவர், மின்மாற்றியைச் சுற்றியவர், மரத்தை இழைத்தவர், தகட்டைப் பொறித்தவர் ஆகிய அனைவர் பெயரையும், சுற்றின் மூலம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும் ஒரு சிறு தகட்டிற் பொறிக்க இனித் தொழில்நுட்பத் தடை இல்லை. தடையாக நிற்பது, ஒரு பொருளுக்கு ஓர் உரிமையாளரே உண்டு என்ற எண்ணம்.

அந்த எண்ணத்தை எந்தக் கதிரும் தானாக எரித்துவிடாது. அது உழைப்போரின் ஒற்றுமையாலும் உணர்வாலும் ஆகவேண்டிய காரியம். பழைய ஒலிபெருக்கியொன்றைத் திறக்கும் மாணவன், முன்தகட்டின் மினுக்கத்தோடு நின்றுவிடாமல், உள்ளே மங்கிப்போன ஒட்டுநாடாவையும் தேடிப் படிக்கட்டும். வரலாற்றைப் படிக்கும் முறையும் அதுவே.